புகாரில்லாத வார்டு

மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் நாலாம் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். புகார் வாங்குவது என் வேலை. ஊரில் இருக்கிற குறைகளெல்லாம் ஒரு சாண் அகலமுள்ள ஓட்டை வழியாக என்னிடம் வந்து சேரும். படிவத்தை வாங்கி, எண் போட்டு, முத்திரை குத்தி, அடிக்கட்டையைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, வார்டு வாரியாகப் பதிவேட்டில் ஏற்றுவேன். குறை தீருமா தீராதா என்பது என் ஜன்னலைச் சேர்ந்த விஷயம் இல்லை. வருகிறவர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். பாதிப் பேர் என்னைக் கல்நெஞ்சக்காரன் என்பார்கள். மீதிப் பேர் சொல்வதை இங்கே எழுத முடியாது.

பதிவேட்டில் மற்ற வார்டுகளுக்குப் பக்கம் போதாமல் தனித்தாள் வைத்துத் தைத்திருக்கிறேன். இருபத்தேழாம் வார்டுக்கு ஒதுக்கிய பக்கங்கள் மட்டும் ஒரு ஐந்து வருடம் கிட்டத்தட்ட வெள்ளையாகவே கிடந்தன. மொத்தம் பதினோரு புகார். அதிலும் மூன்று, நாய் குரைப்பதைப் பற்றிப் பக்கத்து வார்டுக்காரர் ஒருவர் வார்டு எண்ணை மாற்றிப் போட்டு எழுதியவை. அந்த வார்டில் குறையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குறை இருந்தது. அது என் ஜன்னல்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வழியிலேயே அதைப் பிடித்துத் தின்றுவிட ஒரு ஆள் இருந்தார்.

அந்த வார்டின் கவுன்சிலரை எல்லாரும் போனக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கவுன்சிலர் ஆவதற்கு முன் இருபத்திரண்டு வருடம் சமையல் எரிவாயு ஏஜென்சியில் போன் எடுக்கிற வேலை பார்த்தவர். சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று யார் கூப்பிட்டாலும், குரலைக் கேட்டதுமே கதவு எண்ணைச் சொல்லிவிடுவாராம். "பதினாலு பார் மூணுதானே? போன மாசம் இருபதாம் தேதிதான எடுத்தீங்க, அதுக்குள்ளயா? அடுப்பை அப்பப்ப அணைச்சும் வைங்கம்மா." ஆட்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. கதவு எண் நிற்கும். கவுன்சிலர் ஆன பிறகும் அப்படித்தான் பேசினார். "ஏழு பார் ரெண்டு ஆஸ்பத்திரியில இருக்காராம், நாப்பத்தொண்ணுக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்திருக்கு." கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவருடைய வீட்டுக்காரர் மட்டும் சுற்றாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வழித்தட எண்களோடு முப்பது வருடம் வாழ்ந்தவருக்குக் கதவு எண் ஒரு பொருட்டில்லை.

கவுன்சிலர் வேலையையும் போனக்கா போனிலேயேதான் பார்த்தார். காலையில் ஆறு மணிக்கு முதல் அழைப்பு வரும். தண்ணீர் வரவில்லை என்றால் வால்வு திறக்கிறவரைக் கூப்பிடுவார். விளக்கு எரியவில்லை என்றால் லைன்மேனை. சாக்கடை அடைத்துக்கொண்டால் லாரி டிரைவரை. நடுவில் இன்ஜினியர் கிடையாது, குமாஸ்தா கிடையாது, காகிதம் கிடையாது. வால்வுக்காரருக்கு எந்த முழங்கால் வலி, லைன்மேனின் மகள் எத்தனையாவது வகுப்பு, லாரி டிரைவர் எந்தக் கடையில் டீ குடிப்பார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விசாரித்துவிட்டுத்தான் வேலையைச் சொல்வார். மதியத்துக்குள் வேலை முடிந்திருக்கும். "ஆபீசுக்கு எதுக்கு அலையறீங்க? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்பது அவருடைய வாய்ப்பாடு.

மற்ற கவுன்சிலர்கள் ஆட்களை என்னிடம் அனுப்பி வைப்பார்கள். தட்டிக் கழிப்பதற்கு அது நாகரிகமான வழி. போனக்கா ஒருவரையும் அனுப்பியதில்லை. ஒருமுறை மாடிப்படியில் எதிரே வந்தபோது, "எங்க வார்டுல இருந்து ஒருத்தர்கூட உங்க ஜன்னலுக்கு வரக்கூடாது தம்பி, அதுதான் எனக்கு மரியாதை" என்றார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. ஒரு வார்டு குறைந்தால் மதியத்தில் அரை மணி நேரம் கண்ணை மூடலாம்.

அந்த வார்டில் போனால் தீராத குறை ஒன்றே ஒன்று இருந்தது. பள்ளத் தெரு. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் அதற்கு மேற்பக்கம் எல்லாம் வெறும் நிலம். மழை பெய்தால் மண் குடித்துவிடும். ஊர் வளர்ந்தது. வெறும் நிலத்தில் எட்டு மாடி, பத்து மாடி என்று அடுக்குமாடிகள் எழுந்தன. அவர்கள் வாசல்வரை சிமென்ட் போட்டுவிட்டார்கள். மண் குடித்த தண்ணீர் எல்லாம் இப்போது தெருத்தெருவாக இறங்கிப் பள்ளத் தெருவில் வந்து நிற்கும். அங்கே இருந்ததோ அந்தக் காலத்து ஒன்றரை அடிச் சாக்கடை. நூற்றெண்பது வீடுகளில் முழங்கால்வரை தண்ணீர். அந்தத் தெருவில் ஒரு தையல்காரம்மா இருந்தார். அவர் வீட்டில் தையல் மெஷினை நிரந்தரமாகவே நான்கு செங்கல் மேல் ஏற்றி வைத்து, ஸ்டூல் போட்டு உயரத்தில் உட்கார்ந்து தைப்பார். மழை வந்தால் மெஷினை ஏற்றுவதா, துணியை ஏற்றுவதா, மாமியாரை ஏற்றுவதா என்று யோசிக்க நேரம் இருக்காது என்பார்.

ஒவ்வொரு மழைக்கும் அவர் போன் செய்வார். போனக்கா லாரியைக் கூப்பிடுவார். லாரி வந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகும். அடுத்த மழைக்கு மறுபடியும் போன், மறுபடியும் லாரி. பெரிய வடிகால் கட்டித் தருகிறேன் என்று சொல்லித்தான் போனக்கா முதல் தேர்தலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார். அவர் கொடுத்த வாக்குறுதி அது ஒன்றுதான்.

ஐந்து வருடம் முடிந்து மறுபடியும் தேர்தல் தேதி வந்தது. அந்த வாரம் ஒரு நாள் பதினோரு மணிக்கு என் ஜன்னலில் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் போனக்கா. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. முகம் வெளுத்திருந்தது.

"எங்க வார்டுப் பக்கத்தைக் கொஞ்சம் காட்டுங்க தம்பி."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். பதினோரு வரிகளையும் விரல் வைத்து எண்ணினார்.

"மேல வடிகால் இன்ஜினியர்கிட்ட போய்ட்டு வர்றேன். மூணு வருஷத்துக்கான வடிகால் லிஸ்ட் இந்த மாசக் கடைசியோட மூடுதாம். எந்த வார்டுல புகார் அதிகமோ அந்த ஆறு வார்டுக்குத்தான் வடிகாலாம். எங்க வார்டு எங்கன்னு கேட்டா, லிஸ்ட்டைக் கீழேருந்து படிங்கன்றார்."

வார்டு வாரியாக மொத்தம் போட்ட பக்கத்தைத் திருப்பினேன்.

"ஆறாவது இடத்துல இருக்கற வார்டுக்கு எத்தனை புகார்?"

"எண்ணூத்து நாப்பதுங்க."

"இப்படி ஒரு கணக்கு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியும். இரண்டரை வருடத்துக்கு முன்னால் வந்த சுற்றறிக்கை அது. உறுப்பினர்களின் தபால் பெட்டிகளில் அதைப் போட்டதே நான்தான். அவருடைய பெட்டி பிரிக்காத உறைகளால் நிரம்பி வழிந்தது. காகிதம் படிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்பது ஊருக்கே தெரியும். விரலால் அழுத்திச் செருகினேன். செருகும்போதே, இவர் இதைப் படிக்கப் போவதில்லை, படித்தால் ஆயிரம் பேரை என் ஜன்னலுக்கு அனுப்புவார் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"தெரியுங்க. சுற்றறிக்கை உங்க பெட்டியில இருக்கு" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. அவர் கையிலிருந்த போனை ஒருமுறை பார்த்துவிட்டு, "ஒரு போன் பண்ணியிருக்கலாமே தம்பி" என்றார். "என் நம்பர் இல்லாத ஆள் இந்த ஊர்ல யார் இருக்கா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அந்த நாற்காலியில் எனக்கு வந்த முதல் வெட்கம் அது. மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருக்கிறது என்று சொன்னேன். படிவம் இலவசம், ஒரு வீட்டுக்கு ஒன்று, யார் வேண்டுமானாலும் எத்தனை வெற்றுப் படிவம் வேண்டுமானாலும் வாங்கிப் போகலாம் என்றும் சொன்னேன். அப்போது கையிருப்பில் இருநூறுதான் இருந்தது. மீதியை அச்சகத்திலிருந்து எடுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொண்டுவந்து தருவதாக ஒப்புக்கொண்டேன். நான் ஒரு காகிதத்தை அலுவலகத்துக்கு வெளியே தூக்கிக்கொண்டு போனதும் அதுதான் முதல் முறை.

ஞாயிறு காலை போனபோது வீட்டின் முன்னறையில் நோட்டீஸ் கட்டுகளுக்கு நடுவே கணவனும் மனைவியும் வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை. வீட்டுக்காரர், அந்தப் பழைய பேருந்து டிரைவர், எனக்கு ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு, "நீங்களே சொல்லுங்க சார்" என்று என்னையும் உள்ளே இழுத்தார்.

"ஓட்டுக் கேட்டுப் போற இடத்துல யாராவது 'என் மேல புகார் எழுதிக் கொடுங்க'ன்னு கேப்பாங்களா? இதுக்குப் பேர்தான் சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறது."

"என் மேல இல்லங்க, தண்ணி மேல" என்றார் போனக்கா.

"எழுதறவனுக்குத்தான் அது தெரியும். படிக்கறவனுக்குத் தெரியுமா? எதிர்ல நிக்கறது யாரு? சிமென்ட் கடைக்காரன். ஒரு செங்கல் கிடைச்சாப் போதும், வீடே கட்டிடுவான்."

"அதுக்கு?"

"தேர்தல் முடியட்டும். ஜெயிச்சுட்டு வாங்கிக்கோ புகாரை."

"லிஸ்ட் மூடி இருபது நாள் கழிச்சுத்தான் தேர்தல். அப்புறம் அடுத்த லிஸ்ட் மூணு வருஷம் கழிச்சுத்தான். மூணு வருஷமும் அந்தம்மா செங்கல் மேல உக்காந்து தைக்கட்டுமா?"

"அஞ்சு வருஷம் உக்காந்தாங்கல்ல."

இதைச் சொன்னதும் டிரைவருக்கே சரியாகப்படவில்லை போலிருக்கிறது. எழுந்து போய் எனக்கு டீ கொண்டுவந்தார். போனக்கா நான் கொண்டுவந்த கட்டைப் பிரித்து முதல் படிவத்தைக் கையில் எடுத்து, மேலிருந்து கீழ்வரை மெதுவாகப் படித்தார். கவுன்சிலரான பிறகு அவர் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

"அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்லுவாங்க. நான் அஞ்சு வருஷமா எங்க பிள்ளைங்க வாயைப் பொத்திப் பொத்தித் தூங்க வச்சிருக்கேன்" என்றார். அழவில்லை. 

டிரைவர்தான் கடைசியில் கட்டை எண்ண ஆரம்பித்தார். "தெருவுக்கு எத்தனை வேணும்னு சொல்லு. பள்ளத் தெருவுல மொத்தமே நூத்தெண்பது வீடு. மேல இருக்கற தெருக்களுக்கும் போகணும்."

மறுநாளிலிருந்து போனக்கா ஓட்டுக் கேட்பதை விட்டுவிட்டுப் புகார் கேட்கக் கிளம்பினார். நான் கூடப் போகவில்லை. போகவும் கூடாது. படிவங்களே வந்து கதை சொல்லின. முதல் நாள் தொண்ணூறு படிவம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அறுபத்து மூன்றில், "எங்கள் கவுன்சிலரிடம் எந்தக் குறையும் இல்லை", "அக்கா தங்கமானவர்", "போன் செய்தால் உடனே வருவார்" என்று எழுதியிருந்தது. ஒருவர் வாழ்த்துப் பா மாதிரி ஒன்றும் எழுதியிருந்தார். வீட்டு வாசலில் வந்து நிற்கிறவரைக் குறை சொல்லி எப்படி எழுதுவது என்று எல்லாருக்கும் தயக்கம். அறுபத்து மூன்றையும் தள்ளுபடி செய்து திருப்பி அனுப்பினேன். புகார் இல்லாத படிவத்துக்கு எண் போட விதி இல்லை.

மாலையில் போனக்கா ஜன்னலுக்கு வந்தார். திருப்பிய கட்டை வாங்கிக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். "நல்ல பேர் எடுத்தது இவ்வளவு தொல்லையா போச்சே தம்பி" என்றார்.

அடுத்த நாளிலிருந்து கையெழுத்து மாறியது. பெரும்பாலான படிவங்கள் ஒரே சாய்ந்த எழுத்தில், அளவெடுத்தது மாதிரி வர ஆரம்பித்தன. எழுதியது தையல்காரம்மா. மெஷினை நிறுத்திவிட்டு, வீடுவீடாகப் போய் கேட்டு எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் எழுத்தில் வீண் வார்த்தை இருக்காது. "கதவு எண் 22. தண்ணீர் கட்டில் கால்வரை. அரிசி நனைந்தது. நான்கு முறை." "கதவு எண் 31. கழிவறை வழியாகத் தண்ணீர் ஏறுகிறது. குழந்தைக்கு இரண்டு முறை காய்ச்சல்." "கதவு எண் 58. மழை அன்று வேலைக்குப் போனால் வீடு போகும், போகாவிட்டால் வேலை போகும்." கல்நெஞ்சக்காரனான நானே சில படிவங்களை இரண்டு முறை படித்தேன்.

அடுக்குமாடிக்காரர்கள்தான் பெரிய தலைவலி. அவர்களுக்குப் போனக்கா யாரென்றே தெரியாது. கவுன்சிலர் வேட்பாளர் வந்து புகார்ப் படிவம் நீட்டினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ஆனால் அவர்களுடைய கீழ்த்தளத்தில் கார்கள் நிற்கிற இடத்தில் தண்ணீர் புகுந்திருந்தது. கார் நனைந்தவனின் கோபத்துக்கு முன்னால் வீடு நனைந்தவனின் கோபம் ஒன்றுமே இல்லை. எழுதித் தள்ளினார்கள். சிலர் தனித்தாளில் மூன்று பக்கம், புகைப்படத்தோடு. கவுன்சிலர் ஐந்து வருடம் என்ன கிழித்தார் என்றும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். அதையும் போனக்காவே தன் கையால் கொண்டுவந்து கொடுத்தார்.

மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குப் பதிவேட்டை மூடினேன். இருபத்தேழாம் வார்டு, புதிதாக மட்டும் ஆயிரத்து நூற்று இருபத்தாறு. பட்டியலில் ஐந்தாவது இடம். வலது கைக் கட்டைவிரலில் முத்திரை குத்திக் குத்தித் தோல் உரிந்திருந்தது. போனக்காவிடம் எண்ணைச் சொன்னபோது இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் சிமென்ட் கடைக்காரர் வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வியாபாரி. வார்டு வாரியாகப் புகார் எண்ணிக்கையை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டும் என்பது விதி.

"இருபத்தேழாம் வார்டுல எத்தனை புகார் சார்?"

"ஆயிரத்து நூத்து முப்பத்தேழு." பழைய பதினொன்றையும் சேர்த்துத்தான் விதிப்படி சொல்ல வேண்டும்.

அவர் கண்கள் விரிந்தன. "அஞ்சு வருஷத்துலயா?"

"பதினொண்ணு அஞ்சு வருஷத்துல. மீதி பத்தொன்பது நாள்ல. வடிகால் லிஸ்ட்டுக்காக அந்தம்மாவே வீடுவீடாப் போய்..."

"மொத்தம் மட்டும் எழுதிக் கொடுங்க சார், போதும்."

எழுதிக் கொடுத்தேன். கொடுக்காமல் இருக்க முடியாது. 

மூன்றாம் நாள் சுவரெல்லாம் அந்த எண் இருந்தது. ஆள் உயரத்துக்குச் சிவப்பில் 1137. கீழே, 'ஐந்தாண்டுச் சாதனை! மாநகராட்சியே தரும் கணக்கு!' பொய் ஒரு எழுத்துகூட இல்லை. டிரைவர் சொன்ன மாதிரியே ஒரு செங்கலில் வீடு எழும்பிவிட்டது. போனக்கா தெருமுனைகளில் நின்று விளக்கிப் பார்த்தார். விளக்கத்துக்குப் பத்து நிமிடம் வேண்டும். சுவரைப் படிக்க ஒரு நொடி போதும். பேருந்துக்கு நிற்கிறவர்கள் நொடிக்காரர்கள்தான்.

தொண்ணூற்று நான்கு ஓட்டில் தோற்றார். வாக்கு எண்ணுமிடத்தில் எனக்கும் பணி இருந்தது. அடுக்குமாடிப் பகுதியில் அவர் தோற்றது ஆச்சரியம் இல்லை. பள்ளத் தெருப் பூத்தில் போன முறையைவிட நூற்றிருபது ஓட்டு குறைந்திருந்தது. அந்தப் பூத்தின் எண்ணிக்கைத் தாளை டிரைவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். போனக்கா ஒரே தடவை பார்த்தார். "யார் யார்னு யோசிக்காதீங்க, எல்லாரும் நம்ம வீட்டு நம்பர்தான்" என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டியல்படி வடிகால் வந்தது. ஐந்தாம் மாதம் தோண்ட ஆரம்பித்தார்கள். சிமென்ட் கடைக்காரர், அதாவது புதிய கவுன்சிலர், பூமாலையோடு வந்து முதல் மண்வெட்டியைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். சிமென்ட் யார் கடையிலிருந்து வந்தது என்று நான் விசாரிக்கவில்லை. அது என் ஜன்னலைச் சேர்ந்த விஷயம் இல்லை.

தோண்டிய மண் வாசலை அடைக்கிறது என்று புகார் கொடுக்க ஒரு நாள் தையல்காரம்மா வந்தார். அதே சாய்ந்த எழுத்து. எண் போட்டு அடிக்கட்டையைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் போகவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் அக்காவுக்கு ஓட்டுப் போடலை."

நான் கேட்கவே இல்லை. கேட்கவும் கூடாது. அவராகவே சொல்லிக்கொண்டு போனார்.

"அதுக்கு முன்னாடி எல்லாம் தண்ணி வரும், போன் பண்ணுவேன், லாரி வரும், போயிடும். மறந்துடுவேன். அந்த நானூத்துச் சொச்சம் ஃபாரத்தையும் என் கையாலதான் சார் எழுதினேன். எழுத எழுதத்தான், ஐயோ இவ்வளவு அனுபவிச்சிருக்கோமான்னு ஆத்திரம் வந்துச்சு. அஞ்சு வருஷமா இதையா சகிச்சுக்கிட்டோம்னு. பூத்துக்குள்ள போனப்பவும் அந்த ஆத்திரம் இருந்துச்சு. குத்திட்டேன். வெளிய வந்து செருப்பு மாட்டும்போதுதான், அதை எழுத வச்சதே அவங்கதானேன்னு..."

 பின்னால் வரிசை நின்றது.  அந்தச் சுற்றறிக்கையைப் பெட்டிக்குள் விரலால் செருகியவன் நான். "அடுத்தவங்க வரட்டும்மா" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்.

வடிகால் முடிந்து மூடியும் போட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் பெரிய மழை வந்தது. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் விடிந்த பிறகும் விடாமல் கொட்டியது. காலையில் நனைந்துகொண்டே அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலைத் திறப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. மூன்றாம் வார்டு, பன்னிரண்டாம் வார்டு, முப்பதாம் வார்டு. எண் போட்டுப் போட்டு மதியம் ஆயிற்று. கொஞ்சம் ஓய்ந்ததும் இருபத்தேழாம் வார்டுப் பக்கத்தைத் திருப்பினேன். காலையிலிருந்து ஒன்றுகூட இல்லை. வரிசையில் நின்றவர்களிடமும் கேட்டுப் பார்த்தேன். பள்ளத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை. புதிய கவுன்சிலருக்கு யாராவது போன் செய்து அவர் தீர்த்திருப்பாரோ என்றால், அவர் யார் போனையும் எடுப்பதில்லை என்று ஊரே சொல்கிறது. இருந்தாலும் லாரி டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்தப் பக்கம் யாரும் கூப்பிடவில்லை என்றார்.

மேசை டிராயருக்குள் போனக்காவின் பழைய தேர்தல் நோட்டீஸ் ஒன்று கிடந்தது. அதில் அந்த நம்பர் இருந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க, எங்க தண்ணி?"

"எங்கயும் இல்லீங்கக்கா. நாலாம் ஜன்னல்லேருந்து பேசறேன்."

பதிவேட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"உங்க வார்டுலேருந்து ஒரு புகாரும் வரலை. காலையிலேருந்து பார்த்துட்டேன். லாரியையும் யாரும் கூப்பிடலையாம். சொல்லலாம்னுதான் போன் பண்ணேன்."

"பள்ளத் தெரு?"

"ஒண்ணுகூட இல்லை."

 நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"விடியக்காலையிலேருந்து போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன் தம்பி. ஒருத்தரும் கூப்பிடலை. போன்தான் கெட்டுப்போச்சோன்னு, அவரைப் பக்கத்து ரூம்லேருந்து ரெண்டு தடவை அடிக்கச் சொல்லிப் பார்த்தேன். ரெண்டு தடவையும் நல்லா அடிச்சுது."

"போன் நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன்.

"ஆமா" என்றார். பிறகு, "இது உங்க நம்பரா? எந்த வீடு நீங்க, கதவு எண் சொல்லுங்க, குறிச்சுக்கறேன்" என்றார். சொன்னேன்.